பதினேழாம் எண்

தேர்தல் வந்துவிட்டது என்று பல்கேரியாவின் பிளோவ்திவ் நகரில் இப்போதெல்லாம் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. தேர்தல் இல்லை என்றால்தான் அது செய்தி. நாடாளுமன்றம் கூடும், ஆட்சி அமைக்க ஆள் சேராது, கலையும், மறுபடி ஓட்டு. இது எத்தனையாவது என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தவர்களும் பாதியில் கையை உதறிவிட்டார்கள். சுவரொட்டி ஒட்டுகிறவன்கூடப் பழையதைக் கிழிக்காமல் அதன் தலைமேலேயே புதியதை அப்பிவிட்டுப் போகிறான்.

ஸ்லாத்தினா மட்டும் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்கு அவளுக்குச் சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை. சம்பளம் தருவது ஒரு தனியார் பேருந்து நிறுவனம். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று அங்கே அட்டவணை போடுவாள். வீடு திரும்பி, காலணியைக் கழற்றி எறிந்து, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சாவில் மிச்சமிருக்கும் துண்டைத் தயிரோடு விழுங்கிய பின்புதான் அவளுடைய உண்மையான உத்தியோகம் ஆரம்பமாகும். அதன் பெயர் 'தராசு'.

தராசு என்பது ஐரோப்பா முழுக்கச் சிதறிக் கிடக்கும் சில பைத்தியங்களின் கூட்டம். கண்டத்தின் எந்த மூலையில் யார் கருத்துக்கணிப்பு வெளியிட்டாலும் அதை எடுத்து, அட்டவணையில் ஏற்றி, புதியதற்கு அதிக எடை கொடுத்து எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு ஊரறிய வெளியிடுவார்கள். ஓட்டு நாளில் சாவடியில் போய் உட்கார்ந்து, எண்ணுவது ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பார்கள். யாரிடமும் காசு வாங்கக் கூடாது, எந்தக் கொடியும் பிடிக்கக் கூடாது, தன் ஓட்டு யாருக்கு என்று வீட்டு ஆட்களிடம்கூட வாய் திறக்கக் கூடாது. நாட்டுக்கு ஒரு ஆள். போர்ச்சுகலுக்கு வேலையை விட்ட ஒரு பல் மருத்துவர், பல்கேரியாவுக்கு ஸ்லாத்தினா. எல்லோரும் அட்டவணையில் ஏற்றும் வரிகளைச் சரிபார்த்து வெளியிடுகிறவள் எஸ்தோனியாவின் தாலினில் இருக்கும் சீரி.

"உன் வரியை மட்டும் நான் திருப்பிப் பாக்குறதில்ல. பாத்தா எனக்கே வெக்கமா இருக்கும்" என்று சீரி ஒருமுறை எழுதியிருந்தாள். விவாகரத்தாகி, நாற்பத்தைந்தையும் தாண்டிய பெண்ணுக்கு யார் வந்து பாராட்டு சொல்லப் போகிறார்கள்? அந்த ஒரு வரியை ஸ்லாத்தினா பத்திரமாக வைத்திருந்தாள். அவளிடம் இருந்த சொத்து அதுதான்.

இந்த முறை பெரிய கட்சிகளை யாரும் கவனிக்கவில்லை. அவை முட்டிக்கொண்டு நிற்பது பழைய கதை. நூற்றுக்கு நாலு ஓட்டு வாங்கும் கட்சிதான் நாடாளுமன்றத்துக்குள் நுழைய முடியும். அந்த நாலைத் தாண்டப்போகிற சின்னக் கட்சி எது என்பதுதான் கேள்வி. குழாயில் தண்ணீர் வராத ஊர்களிலிருந்து கிளம்பிய கட்சி ஒன்று இருந்தது. அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு, ஜனங்கள் 'தண்ணீர்' என்றே சொன்னார்கள். அது நாலரையில் நின்றது. 'வயல்' என்று இன்னொன்று. பளுதூக்கும் பயிற்சியாளராக இருந்த கிருமொவ் என்பவருடையது. மேடையில் அக்கார்டியன் வாசிப்பார், கொள்கை கேட்டால் மறுபடியும் வாசிப்பார். அது ஒன்றரையில் கிடந்தது.

கணிப்பு நடத்த இப்போது எந்தப் பத்திரிகைக்கும் கட்டுப்படி ஆவதில்லை. மொத்தமே இரண்டு மூன்றுதான் வந்தன. ஆகவே தொலைக்காட்சிக்காரர்கள் தராசின் சராசரியையே வேதவாக்காக வாசித்தார்கள்.

ஒரு நாள் ஸ்லாத்தினா பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஒரு கணிப்பை ஏற்றினாள். அந்தக் கணிப்பை நடத்திய நிறுவனம் எப்போதும் ஒரு படத்தைத்தான் அனுப்பும்: வண்ண வண்ணத் தூண்கள், கீழே கட்சியின் பெயர் இருக்காது, ஓட்டுச்சீட்டில் உள்ள எண் மட்டும் இருக்கும். இங்கே ஒவ்வொரு தேர்தலுக்கும் குலுக்கல் போட்டுக் கட்சிகளுக்கு எண் கொடுப்பார்கள். அடுத்த தேர்தலுக்கு மறுபடி குலுக்கல், மறுபடி வேறு எண். ஸ்லாத்தினாவுக்கு எண்கள் மனப்பாடம். பதினேழுக்கு நேரே நாலு புள்ளி எட்டு. ஒன்பதுக்கு நேரே ஒன்று புள்ளி ஆறு. கட்டைவிரலால் தட்டிக்கொண்டே வந்தாள்.

நடுவில் போன் அடித்தது. தெரியாத எண். அவள் யோசிக்காமல் துண்டித்தாள். தெரியாத எண்ணை எடுத்தால் ஒன்று எதையாவது விற்பார்கள், இல்லையென்றால் யாருக்கு ஓட்டு என்று கேட்பார்கள். கணிப்புகளை வைத்தே காலம் தள்ளுகிற ஒருத்தி கணிப்புக்குப் பதில் சொல்லமாட்டாள்! இதில் உள்ள வேடிக்கை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஏற்றி முடித்தபோது சராசரி புரண்டுவிட்டது. வயல் நாலைத் தொட்டது, தண்ணீர் இரண்டரைக்கு இறங்கியது. வேறு காலமாக இருந்தால் அவள் பேருந்தை விட்டு இறங்கி அங்கேயே நின்று இரண்டு தடவை சரிபார்த்திருப்பாள். இப்போது உடம்பில் அந்த வெறி இல்லை. சலித்துப்போன ஜனங்கள் எதையும் செய்வார்கள், அக்கார்டியனுக்கும் ஓட்டுப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தாலினில் சீரி வழக்கம்போல் திருப்பிப் பார்க்காமல் வெளியிட்டாள்.

அன்றே தொலைக்காட்சி கிருமொவைக் கூப்பிட்டுவிட்டது. "நான் எதிர்பார்த்ததுதான்" என்றார் அவர். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை என்பது அவருக்குப் பொருட்டில்லை, வாசித்தார். அடுத்த வாரம் 'செவி' என்ற நிறுவனத்தின் கணிப்பு வந்தது. வயல் நாலு புள்ளி இரண்டு, தண்ணீர் இரண்டு புள்ளி மூன்று. செவியை நடத்துகிறவன் கமென், ஸ்லாத்தினாவின் தங்கை நெவெனாவின் கணவன். அவனும் அதையே சொன்னதும் அவளுக்கு அடிமனதில் இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் போய்விட்டது. ஒரே விஷயத்தை இரண்டு பேர் தனித்தனியே சொன்னால் அது உண்மை. தராசின் அஸ்திவாரமே அதுதான்.

சனிக்கிழமை காலை மேல்வீட்டு வெஸ்கா அத்தையும் அவளும் சந்தைக்குக் கிளம்பி ஒன்றாகப் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். வெஸ்கா ஒரு காலத்தில் டிராலி பஸ் ஓட்டியவள். இப்போது ஊரில் டிராலி பஸ்ஸே கிடையாது. அந்தக் கோபத்தை அவள் எல்லாக் கட்சிகளுக்கும் சமமாகப் பங்கிட்டிருந்தாள்.

"ஏம்மா, இந்தத் தடவ நான் போகப்போறதில்ல" என்றாள் வெஸ்கா.

"எங்க அத்தை?"

"ஓட்டுப் போடத்தான். என் தங்கச்சி இருக்கிற ஊர்ல ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. குளிக்கிறதுக்கு இங்க வர்றா, பாவம். அவளுக்காக அந்தத் தண்ணிக் கட்சிக்குப் போடலாம்னு இருந்தேன். இப்ப அவங்க ரெண்டுதானாமே? டிவியில உங்க கணக்குன்னுதான் சொன்னான். உள்ளேயே போகாதவங்களுக்கு ஓட்டுப் போட்டு என்ன பிரயோஜனம்? முட்டி வலிக்கு வீட்லயே படுத்திருப்பேன்."

"கணக்கு அப்படித்தான் வருது அத்தை. நான் என்ன பண்ணட்டும்?"

"உன்னை என்ன சொன்னேன் இப்ப? அங்க பாரு, அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தாலே நல்லவளாத் தெரியுது." நிறுத்தத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுவரொட்டியை வெஸ்கா கைப்பையால் சுட்டிக்காட்டினாள். "அந்தப் பதினேழுக்குப் போட்டிருப்பேன்."

"பதினேழு வயல் அத்தை."

"அது போன தடவ. உனக்கு என்ன ஆச்சு? இந்தத் தடவ பதினேழு தண்ணி. இவ்ளோ பெருசா எழுதியிருக்கு, கண்ணு தெரியலயா?"

பெரிதாகத்தான் எழுதியிருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் அந்தச் சுவரொட்டியைத் தாண்டித்தான் நடந்திருந்தாள். ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை. அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தது போன தேர்தலின் எண்கள். போன தடவை பதினேழு வயல், ஒன்பது தண்ணீர். இந்தத் தடவை குலுக்கலில் அப்படியே மாறி விழுந்திருக்கிறது. நாலு புள்ளி எட்டு தண்ணீருக்கு வந்தது. அதைத் தூக்கி அக்கார்டியன்காரருக்குக் கொடுத்தது அவளுடைய கட்டைவிரல்.

பேருந்து வந்தது. வெஸ்கா ஏறி, "வரலயா?" என்று கத்தினாள். ஸ்லாத்தினா நின்ற இடத்திலேயே நின்றாள். போனைத் திறந்து மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் தவறு தவறாகவே இருந்தது. அவமானத்தில் காது மடல் எரிந்தது.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் இரண்டாவது அடி விழுந்தது. கிருமொவின் நாலு அவள் செய்த பிழை. அப்படியென்றால் அது நாட்டில் எங்கேயும் இல்லை. எந்த ஊரிலும், எந்த மனிதர் மனதிலும் இல்லை, அவளுடைய அட்டவணையில் மட்டும்தான் இருந்தது. கமென் ஆயிரம் பேரிடம் போனில் கேட்டு அதே நாலை எங்கிருந்து எடுத்தான்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டில்தான் அவளுக்கு எப்போதும் சாப்பாடு. நெவெனா மிளகாய்க்குள் அரிசியும் இறைச்சியும் அடைத்து வேகவைத்திருந்தாள். அக்காவுக்குக் கொண்டுபோக ஒரு டப்பாவில் முதலிலேயே எடுத்து வைத்துவிடுவது அவள் வழக்கம். டப்பா மேசை ஓரத்தில் இருந்தது. கமென் ராக்கியா என்ற பழச்சாராயத்தை ஊற்றினான். அவன் முகம் ஒரு வருடத்தில் ஐந்து வயது கூடியிருப்பதை ஸ்லாத்தினா அன்றுதான் கவனித்தாள்.

"கமென், போன வாரக் கணிப்புல எத்தனை பேர் பேசினாங்க?"

"அதான் போட்டிருக்கமேக்கா. ஆயிரத்துச் சொச்சம்."

"போட்டதக் கேக்கல. பேசினது."

"என்னக்கா இது, சாப்பிடுற நேரத்துல?" என்றாள் நெவெனா.

"கிருமொவுக்கு நாலு யார் சொன்னாங்க?"

"ஜனங்க சொன்னாங்க" என்றான் கமென்.

"ஜனங்க சொல்லல. நான் சொன்னேன். அதுவும் தப்பாச் சொன்னேன். பழைய எண்ணை வச்சு மாத்தி ஏத்திட்டேன். அந்த நாலு பொய். அந்தப் பொய் உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

கமென் கோப்பையைக் கீழே வைத்தான். மறுக்கப் பார்க்கிறான் என்று அவள் நினைத்தாள். அவனுக்கு அதற்கும் தெம்பில்லை.

"ஆரம்பத்துல போன் போட்டா ஆசையாப் பேசுவாங்கக்கா. வச்சிடுறேன்னாலும் விடமாட்டாங்க. இப்ப? பேரச் சொன்னதுமே எங்கம்மாவ இழுத்துத் திட்டிட்டு வச்சிடுறாங்க. போன் பண்ற பொண்ணுங்க அழுதுட்டு வேலையவே விட்டுட்டுப் போயிடுச்சுங்க. பதில் சொன்னவங்களை மொத்தமா ஒரு பஸ்ல ஏத்திடலாம், நிக்கக்கூட வேண்டியிருக்காது. டிவிக்காரனுக்கு வெள்ளிக்கிழமை நம்பர் வேணும். இல்லேன்னா அடுத்த வருஷம் ஒப்பந்தம் கெடையாது. நான் என்ன பண்ணட்டும்?"

"அதனால?"

"அதனால உன் சராசரிய எடுத்தேன். மேல கொஞ்சம் உப்புத் தூவினேன். இந்த நாட்டுல யோக்கியமான நம்பர் அது ஒண்ணுதான்னு நம்பி எடுத்தேன். உன்ன நம்பினது குத்தமா?"

திருடன் வந்து, உன் வீட்டுப் பூட்டு நல்ல பூட்டு என்று பாராட்டினால் என்ன சொல்வது?

"நீயே சொல்லேன்க்கா. தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா நீ எடுப்பியா? எங்க பொண்ணுங்க உன் நம்பருக்கும்தான் போட்டிருக்கும். எத்தனை தடவ கட் பண்ணியிருப்ப?"

அவளுடைய எட்டு வருட நேர்மையில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

நெவெனாதான் பேசினாள். "சரி. நடந்தது நடந்துபோச்சு. உன் தப்ப நீ சத்தமில்லாமத் திருத்திக்கோ. யாரு உக்காந்து பாக்கப்போறா? அவர் பேர மட்டும் இழுக்காத."

"அவரோட கணிப்பு உள்ள இருக்கிற வரைக்கும் சராசரி சரியாகாது நெவி. தண்ணிக் கட்சி நாலுக்குக் கீழேயே கெடக்கும். எங்க மேல்வீட்டு அத்தை ஓட்டுப் போடவே போகலங்கறாங்க. அவங்களை மாதிரி எத்தனை பேரோ."

"மேல்வீட்டு அத்தை! இங்க கூடப்பொறந்தவ உக்காந்திருக்கேன். செவியை மூடிட்டா நாங்க என்ன பண்றது? அவருக்கு வேற என்ன தெரியும்? எட்டு வருஷமா ஊர் ஓட்டெல்லாம் எண்ணுறியே, ஒரு நாளாவது எங்களை எண்ணியிருக்கியா?"

இதற்கு மேல் அந்த மேசையில் உட்கார முடியவில்லை. அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கோபத்திலும் நெவெனா டப்பாவை எடுத்துவந்து அவள் கையில் திணித்தாள்; பழக்கம்தான், வேறொன்றும் இல்லை. கதவு சாத்தப்பட்டது.

அன்று சாயங்காலமே ஸ்லாத்தினா சீரிக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். பதில் வரும்வரை உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"உன் தப்புக்கு உன் பேர் போட்டுத் திருத்தம் வரும். அதுதான் நம்ம வழக்கம், உனக்குத் தெரியும்" என்று சீரி எழுதினாள். "திருப்பிப் பாக்காம விட்டது நான். என் பேரும் கூட வரும். செவிய என்ன பண்ண? 'சரிபார்ப்பில் இருக்கிறது'ன்னு போட்டு ஓரமா வச்சிடலாம். யாரும் காரணம் கேக்கமாட்டாங்க. உன் தங்கச்சி வீட்டுக்காரர்னு வேற சொல்ற."

அது கருணையான வழி. ஸ்லாத்தினா அதைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆசைப்பட்டாள். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ஓரமாக வைத்தால், செவி சொன்ன இரண்டு புள்ளி மூன்று தொலைக்காட்சியின் வாயில் அப்படியே இருக்கும். வெஸ்கா வீட்டிலேயே படுத்திருப்பாள். பூசி மெழுகினால் மெழுகினதுதான். அவள் சமையலறையில் நின்றுகொண்டே எழுதினாள்:

'வயல், தண்ணீர் ஆகிய கட்சிகளின் விழுக்காட்டை நான் மாற்றி ஏற்றிவிட்டேன். தவறு என்னுடையது. அடுத்து வந்த செவி நிறுவனத்தின் கணிப்பிலும் இதே தவறு இருக்கிறது. என் அட்டவணையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒன்றை மக்களிடம் கேட்டுப் பெற்றிருக்க முடியாது. ஆகவே அதை நீக்குகிறோம்.'

கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள். அனுப்பிவிட்டு, டப்பாவைத் திறந்து, ஆறிப்போன மிளகாயைக் கரண்டி இல்லாமல் கையாலேயே தின்றாள். அழுகை வந்தது. தின்றுகொண்டே அழுதாள்.

பிழை போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. எந்தக் காலத்தில் போயிருக்கிறது? ஒரு பத்திரிகை நாலு வரி போட்டது. 'தராசுக்கே எடை தெரியவில்லை' என்று ஒருவன் கிண்டலடித்தான். அலுவலகத்தில் ஒரு ஓட்டுநர் அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு, "மேடம், இது இந்த வருஷத்து டைம்தானே?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்; அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். தொலைக்காட்சி செவியை மறுநாளே கை கழுவியது. கிருமொவ் மட்டும் எதையும் திருத்திக்கொள்ளவில்லை, வாசித்துக்கொண்டிருந்தார். நெவெனா போன் செய்யவில்லை. ஸ்லாத்தினா போட்டாலும் எடுக்கவில்லை.

ஓட்டு நாளில் அவள் கழுத்தில் பார்வையாளர் அட்டையை மாட்டிக்கொண்டு, தன் குடியிருப்புப் பகுதியின் பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கூட்டம் இல்லை. சாவடி ஊழியர்கள் சூரியகாந்தி விதை கொறித்தார்கள். மத்தியானம் வெஸ்கா அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள்.

"வரமாட்டேன்னீங்களே?"

"நீ பேப்பர்ல பேர் போட்டு அசிங்கப்பட்டதப் படிச்சேன். சரி, ஒருத்தி இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கா, படி ஏறுனா என்ன செத்தா போயிடுவேன்னு வந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "பதினேழுதானே? மறுபடி மாத்திடலயே?"

"எனக்குச் சொல்ல அனுமதியில்ல அத்தை."

"ஆமா, சொல்லிக் கிழிச்ச" என்றாள் வெஸ்கா.

பெட்டியைத் திறந்து சீட்டுகளைக் கொட்டிப் பிரித்தபோது பதினேழின் அடுக்கு வளர்வதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அது நன்றாகவே வளர்ந்தது. நாடு முழுக்கச் சேர்த்து எண்ணி முடித்தபோது தண்ணீருக்கு மூன்று புள்ளி ஒன்பது. மயிரிழையில் வெளியே. வயல் மூன்றைக்கூட எட்டவில்லை. பொய்யை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எத்தனை பேர், திருத்தம் எட்டாமல் வேறு கட்சிக்குப் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அந்த மயிரிழை தன் கட்டைவிரல் அளவுதானோ என்ற எண்ணம் அதன் பிறகு அவளை விட்டுப் போகவில்லை.

"விலகிக்கிறேன்" என்று சீரிக்கு எழுதினாள்.

"யாரு வருவா உனக்கு பதிலா? இருக்கிறவங்கள்ல தன் தப்பை ஒத்துக்கிட்ட ஒரே ஆளு நீதான். இரு" என்று சீரி எழுதினாள். "இனிமே உன் வரிய ரெண்டு தடவ திருப்பிப் பாப்பேன். வெக்கப்படமாட்டேன்." அந்தப் பழைய பாராட்டு அத்தோடு தீர்ந்தது. ஸ்லாத்தினா இருந்தாள்.

எதிர்பார்த்தபடியே ஆட்சி அமையவில்லை. கோடை முடிவதற்குள் மறு தேர்தல் அறிவித்தார்கள். குலுக்கல் நடந்து புதிய எண்கள் வந்தன. அவள் அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். மனப்பாடம் செய்யவில்லை.

ஒரு மாலை, தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண். விரல் பழக்கத்தில் துண்டிக்கப் போனது. கமெனின் முகம் நினைவுக்கு வந்தது. எடுத்தாள்.

"வணக்கம். செவி ஆய்வு நிறுவனத்துலேர்ந்து பேசறோம். உங்க நேரத்துல ஒரு சில நிமிஷம் ஒதுக்க முடியுங்களா?"

நெவெனாவின் குரல். எழுதி வைத்ததை வாசிக்கிற குரல், களைத்துப்போன குரல். தொலைக்காட்சி கைவிட்டும் செவியை மூடவில்லை; வேலைக்கு இருந்த பெண்கள் போனபின் வீட்டு ஆட்களே உட்கார்ந்து போன் போடுகிறார்கள் போலிருக்கிறது. எண்களை எந்திரம்தான் பொறுக்கிப் போடும், கூப்பிடுகிறவருக்கு எண் தெரியாது என்பது ஸ்லாத்தினாவுக்குத் தெரியும். இத்தனை லட்சம் எண்களில் தன் எண் விழுவதற்கு என்ன வாய்ப்பு என்று வேறு எவரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவள் அந்தக் கணக்கைப் போடவில்லை.

"முடியும்" என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது. வைத்துவிடுவாள் என்று ஸ்லாத்தினா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க வயசு?"

"நாப்பத்தாறு."

"போன மாசத்தோட நாப்பத்தேழு ஆகியிருக்கணுமே."

"ஆமா. நாப்பத்தேழு. மறந்துட்டேன்."

"வீட்டுல மொத்தம் எத்தனை பேருங்க?"

"நான் ஒருத்திதான்."

"போன தேர்தல்ல ஓட்டுப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"யாருக்குன்னு சொல்ல விருப்பமா?"

எட்டு வருடத்தில் அவள் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. கூடப் பிறந்தவளிடமும் சொன்னதில்லை. "பதினேழுக்கு" என்றாள்.

"இந்த வாட்டி எண்ணு மாறிடுச்சுங்க. கட்சி பேரச் சொல்லுங்க."

"தண்ணீர்."

தன் கட்சியே மயிரிழையில் வெளியே போனது அக்காவுக்கு எங்கே வலித்திருக்கும் என்று நெவெனாவுக்கு இப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு வாசித்தாள்.

"கருத்துக்கணிப்பு நடத்துறவங்களை நீங்க நம்புறீங்களா? முழுசா நம்புறேன், ஓரளவு நம்புறேன், நம்பவே இல்ல. இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"நெசமாவே போன் போட்டுக் கேக்குறீங்களா?"

"காலையிலேர்ந்து கேக்குறோம். திட்டுதான் வாங்குறோம். நீங்க பதினோராவது ஆளு."

"அப்ப ஓரளவு."

"ஓரளவு. குறிச்சுக்கிட்டேன். வேற ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

"உங்க டப்பா ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்றாள் ஸ்லாத்தினா. "கழுவி வச்சிருக்கேன்."

"அதைக் குறிக்கிறதுக்கு இதுல எடம் இல்லீங்க" என்றாள் நெவெனா. பின்னால் கமென் யாரிடமோ கெஞ்சிப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது; அந்த ஆளும் போனை வைத்துவிட்டார் போலிருக்கிறது. நெவெனா குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா. வெறும் டப்பாவா கொண்டுவராத."